லேசரா, இங்க்ஜெட்டா? அலுவலக பிரிண்டர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தணிக்கை அலுவலகம் நடத்துகிறேன். மாதம் 4,000 பக்கம், எல்லாம் கறுப்பு எழுத்து. இங்க் டேங்க் (தொட்டியில் மை ஊற்றிக்கொள்ளும் இங்க்ஜெட்) வாங்கினால் செலவு குறையும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: உங்களுக்கு லேசர்தான். பக்கச் செலவில் இங்க் டேங்க் மலிவு, மறுக்கவில்லை. ஆனால் செப்டம்பர் கடைசியில் வரித் தணிக்கை அறிக்கைகள் குவியும்போது வேகமும் காகிதத் தட்டும்தான் கைகொடுக்கும். சிறிய இங்க் டேங்க் பலவற்றில் 100 தாள்தான் பிடிக்கும். அலுவலக லேசரில் பெரும்பாலும் 250. இருபக்கமும் தானாக அச்சிடும் மாடலாகப் பாருங்கள். 1,500 பக்கம் வரும் டோனர் (லேசரின் மைத்தூள்) போடும் மலிவு லேசரை வாங்கினால் மாதம் மூன்று டோனர் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் மாத உச்ச வரம்பை நம்பாதீர்கள். பரிந்துரைக்கப்பட்ட மாத அளவு என்று தனியாக ஒன்று இருக்கும், கணக்கு அதுதான்.

கேள்வி: சார், நான் ஆவண எழுத்தர். இங்க்ஜெட்டில் அடித்த பத்திரத்தில் தண்ணீர் பட்டால் எழுத்து கரைகிறது.

பதில்: உங்கள் இயந்திரத்தில் இருப்பது சாய மையாக இருக்கும். நிறமி மை அவ்வளவு எளிதில் கரையாது. லேசர் டோனரோ பிளாஸ்டிக் தூள். ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்கிறது, தண்ணீருக்கு அசையாது. ஆனால் முத்திரைத்தாள் தடிமனானது. அமைப்பில் சாதாரணத் தாள் என்றே விட்டால் சூடு போதாமல், நகத்தால் சுரண்டினால் எழுத்து உதிரும். ‘தடித்த தாள்’ என்று மாற்றிவிட்டு அச்சிடுங்கள்.

கேள்வி: லேசரை யூபிஎஸ்ஸில் இணைத்தேன். அச்சிடத் தொடங்கியதும் கணினியும் சேர்ந்து அணைகிறது.

பதில்: அணையத்தான் செய்யும். சூடேறும் நேரத்தில் லேசர் பல நூறு வாட் இழுக்கும். 600 விஏ யூபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். சுவர் பிளக்கில் நேரடியாக இணையுங்கள். மின்வெட்டிலும் அச்சிட்டாக வேண்டுமென்றால் இங்க்ஜெட் வாங்குங்கள், சில பத்து வாட்டில் வேலை முடியும். இந்த ஒரு விஷயத்தில் லேசர் அதன் பக்கத்தில்கூட வர முடியாது.

கேள்வி: பள்ளி அலுவலகத்தில் இங்க் டேங்க். கோடை விடுமுறை முடிந்து வந்தால் கோடு கோடாக விழுகிறது.

பதில்: மை தெளிக்கும் முனையில் மை உலர்ந்துவிட்டது. சுத்தம் செய்யும் கட்டளை கொடுக்கலாம். அது ஒவ்வொரு முறையும் மையைக் குடித்து, கழிவு மைப் பஞ்சில் கொட்டும். பஞ்சு நிறைந்தால் இயந்திரமே நின்றுவிடும். விடுமுறையிலும் வாரம் ஒரு வண்ணப் பக்கம் அடிக்க ஆள் உண்டா? இல்லையென்றால் கேள்வித்தாளுக்கு லேசர் வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அடிக்கும் சான்றிதழைக் கடையில் கொடுத்துவிடலாம்.

கேள்வி: கலர் லேசர் எப்படி?

பதில்: நான்கு டோனர்களின் விலையைக் கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

கேள்வி: என் லேசரின் 12ஏ டோனர் கார்ட்ரிட்ஜை ரீஃபில் செய்த பிறகு எல்லாப் பக்கத்திலும் ஒரே புள்ளி, திரும்பத் திரும்ப விழுகிறது. மேசையிலும் தூள் சிந்திவிட்டது.

பதில்: அளவுகோலை வைத்துப் பாருங்கள். புள்ளிகளுக்கு இடையே சுமார் 75 மில்லிமீட்டர் இருந்தால் கோளாறு டிரம்மில், அதாவது தூளைத் தாளுக்கு ஏற்றும் உருளையில். அதன் சுற்றளவு அவ்வளவுதான். தூளை மட்டும் நிரப்பித் தரும் கடைக்காரரிடம் டிரம்மையும் மாற்றச் சொல்லுங்கள். சிந்திய தூளைக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். வெந்நீர் பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும்.