எஞ்சின் கம்ப்ரஸர் போட்டால் காற்றுப் பைக்குள் எண்ணெய் போகுமா?

கேள்வி: என் வேனில் ஏர் சஸ்பென்ஷன் (வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகள்) போட்டிருக்கிறேன். 12 வோல்ட் மின்சார கம்ப்ரஸர் இரண்டாவது முறையாகக் கருகிவிட்டது. பழைய ஏசி கம்ப்ரஸரை எஞ்சின் பெல்ட்டில் ஓடும்படி மாட்டித் தருகிறேன், இனி தொல்லையே இல்லை என்கிறார் கிட் விற்பவர். அதிலிருந்து எண்ணெய் வந்து காற்றுப் பை கெட்டுவிடும் என்கிறார் நண்பர். போடலாமா, வேண்டாமா?

பதில்: எண்ணெய் வரும். விற்பவர் இதைச் சொல்லமாட்டார் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு வரும், அதை எங்கே தடுப்பது என்பதெல்லாம் அப்புறம். அதற்கு முன்னால் உங்கள் மின்சார கம்ப்ரஸர் ஏன் இரண்டு முறை கருகியது என்று யாராவது பார்த்தார்களா? அநேகமாகப் பார்த்திருக்கமாட்டார்கள். இந்தச் சின்ன மோட்டார்கள் கொஞ்ச நேரம் ஓடி, நின்று, ஆறி, மறுபடி ஓடுவதற்காகச் செய்தவை. எங்கோ காற்று கசிந்தால் ஓய்வே கிடைக்காமல் ஓடிக் கருகும். கசிவை அப்படியே விட்டுவிட்டுப் பெரிய கம்ப்ரஸரை மாட்டினால் கசிவு மறைந்துகொள்ளும், அவ்வளவுதான். விற்பவருக்கு அது போதும், உங்களுக்குப் போதாது.

ராத்திரி காற்று டேங்கை நிரப்பி எஞ்சினை அணைத்து, காற்றழுத்த மீட்டரைக் குறித்துக்கொண்டு காலையில் பாருங்கள். கணிசமாக இறங்கியிருந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நைலான் குழாயைக் கட்டிங் பிளேயரால் சாய்வாக நறுக்கிச் செருகியிருப்பார்கள். அப்படி நறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் முழுச் சுற்றும் படியாது, ஒரு பக்கத்தில் மட்டும் பொடிப்பொடியாக நுரை கிளம்பும். குழாயை நேராக வெட்டிச் செருகினால் பாதிப் பேருக்குப் புதுக் கம்ப்ரஸரே தேவைப்படாது.

கசிவு இல்லை, வண்டியை அடிக்கடி ஏற்றி இறக்குவதால் காற்று நிஜமாகவே போதவில்லை என்றால், சரி, எஞ்சின் கம்ப்ரஸர் போடலாம். ஆனால் எல்லா ஏசி கம்ப்ரஸரும் இதற்கு ஒத்துவராது. இப்போதைய கார்களில் இருப்பவை பெரும்பாலும் சாண்டன் கம்பெனி கம்ப்ரஸர் போன்ற, தனி எண்ணெய்த் தொட்டி இல்லாத வகை. அவற்றில் எண்ணெய் ஏசி வாயுவோடு கலந்து சுற்றி வந்துதான் உள்பாகங்களை நனைக்கும். வெறும் காற்றை இழுக்கவிட்டால் போன எண்ணெய் திரும்பாது, கம்ப்ரஸர் இறுகிவிடும். அதைத் தடுக்க வெளியிலிருந்து எண்ணெய் சொட்டவிடுவார்கள், அந்த எண்ணெய் முழுக்க உங்கள் டேங்குக்குத்தான் வந்து சேரும். பழைய யார்க் கம்பெனி வகையில் எஞ்சினைப் போலவே அடியில் தனி எண்ணெய்த் தொட்டி உண்டு. கேட்டால் அதைத்தான் கேட்கவேண்டும். பெயின்ட் அடித்துப் புதிதுபோல் காட்டினால் ஏமாறாதீர்கள், எண்ணெயைக் கொஞ்சம் வெளியே எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். உலோகத் தூள் மினுங்கினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

காற்று அளவைச் சொல்லி மயக்குவது இன்னொரு வேலை. பெரிய யார்க் ஒரு சுற்றுக்கு 10 கன அங்குலம், அதாவது சுமார் 164 சிசி. 1500 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 246 லிட்டர் என்பது ஏட்டுக் கணக்கு. 120 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளும்போது அது வெகுவாகக் குறையும். ஆனாலும் பயமில்லை, 20 லிட்டர் டேங்கை 110-லிருந்து 145 பிஎஸ்ஐக்கு ஏற்ற 48 லிட்டர் அளவு வெளிக்காற்றுதான் வேண்டும். அழுத்தமே இல்லாத நிலையில் எடுத்த அளவை அட்டையில் அச்சடிப்பதை ஏன் இன்னும் அனுமதிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இனி எண்ணெய் விஷயம். யார்க்கிலும் கொஞ்சம் வரும். காற்று இழுக்கும் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அதிகமாக வரும், காற்றுக்குப் பதிலாக அது எண்ணெயை உறிஞ்ச ஆரம்பிக்கும். அதனால் ஃபில்டர் பெரிதாக இருக்கட்டும், எஞ்சின் சூடு படாத இடத்தில் இருக்கட்டும். எண்ணெயைப் பிரிக்கும் செப்பரேட்டரைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டுகிறார்கள், அது வீண். சூட்டில் எண்ணெய் ஆவியாக அதைத் தாண்டிப் போய்விடும், காற்று ஆறியபின்தான் துளியாகச் சேரும். வெளியேறும் காற்று 150 டிகிரி செல்சியஸையும் தாண்டும். சாதாரண நைலான் குழாய் 90 டிகிரியை ஒட்டியே தளர்ந்துவிடும். கிட்டில் வரும் குழாயை முதல் ஒரு மீட்டருக்காவது பயன்படுத்தாதீர்கள், எஃகுப் பின்னல் போட்ட டெஃப்ளான் குழாய் வாங்குங்கள். அதன்பின் செப்பரேட்டர், ஒருவழி வால்வு, டேங்க். டேங்கிலேயே நேராக ஒரு சேஃப்டி வால்வு கட்டாயம். கம்ப்ரஸர் புல்லியில் இருக்கும் மின்காந்தக் கிளட்சுக்குப் போகும் மின்கம்பி ரிலே, ஃபியூஸ், பிரஷர் ஸ்விட்ச் வழியாகச் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும்படி இருக்கட்டும். பிராக்கெட் அசையக்கூடாது, புல்லிகள் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். அதை லேத் பட்டறையில் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். உங்கள் வண்டியில் ஏர் பிரேக் இருந்தால் மேலே சொன்னது எதுவும் வேண்டாம். எஞ்சினோடு ஒரு கம்ப்ரஸர் ஏற்கெனவே இருக்கும். சிக்கல் என்னவென்றால், பிரேக் காற்று டேங்கிலேயே ஒரு ‘T’ வடிவக் குழாய் இணைப்பைப் போட்டு சஸ்பென்ஷனுக்குக் காற்று எடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை, நன்றாகவும் ஓடும், பை கிழியும் நாள் வரை. கிழிந்தால் பிரேக் காற்று அந்த வழியாகப் போய்விடும். அழுத்தம் குறைந்தால் பின்சக்கர ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடிக்கும், வேகத்தில் போகும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இடையில் பிரஷர் புரொடெக்‌ஷன் வால்வு வேண்டும். குறித்த அழுத்தத்துக்குக் கீழே பிரேக் காற்று இறங்கும்போது சஸ்பென்ஷன் பக்கத்தை அது அடைத்துவிடும். அதையும் வண்டி தயாரித்த நிறுவனம் சொல்லும் இடத்தில்தான் போடவேண்டும். ‘இந்த வால்வெல்லாம் கம்பெனிக்காரன் காசு பார்க்கச் சொல்வது’ என்று ஒரு மெக்கானிக் சொன்னால் அவரிடம் வண்டியை விடாதீர்கள்.

மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஒப்புதலுக்குப் போனால் முழு அமைப்புக்கும் சான்று கேட்பார்கள், கிட் செய்பவர் உதிரிபாக ரசீது மட்டும் தருவார், நடுவில் வண்டிக்காரர்தான் அலையவேண்டும். இந்த நிலை மாறும்வரை, முழு அமைப்புக்கும் எழுத்தில் சான்று தருபவரிடம் மட்டும் முன்பணம் கொடுங்கள்.

மாட்டியபின் வாரம் ஒருமுறை டேங்கின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். அது பால்போல் வெளுத்து வந்தால் எண்ணெய் டேங்க் வரை வந்துவிட்டது என்று அர்த்தம், செப்பரேட்டரையும் இழுக்கும் ஃபில்டரையும் அன்றே கழற்றிப் பாருங்கள்.