மைக்ரேன் மருந்தைக் கன்னத்துக்குள் ஒட்டிவைக்க முடியுமா?

தலைவலியோடு வாந்தியும் வருகிறது, மாத்திரை வயிற்றில் தங்குவதே இல்லை, கன்னத்தில் ஒட்டும் மாத்திரை செய்ய முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.ஃபார்மில் (மருந்தியல் முதுகலைப் படிப்பில்) என் புராஜெக்ட்டே இதுதான்.

வாந்தி மட்டும் பிரச்சினை இல்லை. மைக்ரேன் நேரத்தில் இரைப்பையே மந்தமாகிவிடுவதால் விழுங்கிய மாத்திரை குடலுக்கு இறங்கவே நேரமாகும். போதாக்குறைக்கு, மைக்ரேனுக்குக் கொடுக்கும் டிரிப்டான் வகை மருந்தான சுமாட்ரிப்டானை விழுங்கினால் சுமார் 15 சதவீதம்தான் ரத்தத்தில் சேர்கிறது. கல்லீரலே நிறையச் சிதைத்துவிடும். அதையே தோலுக்கடியில் ஊசியாகப் போட்டால் 96 சதவீதம்! கன்னத்தின் உட்புற ரத்தம் கல்லீரலுக்குப் போகாமல் கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்குப் போவதால்தான் ஆராய்ச்சியாளர்களுக்கு அந்த இடத்தின் மேல் கண்.

ஒட்டவைப்பது பெரிய வித்தை இல்லை. கார்போபால், ஹெச்பிஎம்சி மாதிரிப் பாலிமர்கள் எச்சில் பட்டதும் ஊறிப் பிசின் போலப் பிடித்துக்கொள்ளும். வாய்ப்பக்கம் தண்ணீரில் கரையாத எத்தில் செல்லுலோஸ் அடுக்கு ஒன்று வைத்தால் மருந்து எச்சிலோடு போகாமல் கன்னத்தை நோக்கியே வெளிவரும். கார்போபால் கூடினால் பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் அமிலத்தன்மையும் கூடிக் கன்னம் எரியும். சோதிக்க, கறிக்கடையில் அன்று வெட்டிய ஆட்டின் கன்னச் சவ்வை வாங்கி வருவோம். கொழுப்பைச் சுரண்டிக் கழுவி, அதில் மாத்திரையை ஒட்டி, தராசின் ஒரு பக்கம் கட்டுவோம். மறுபக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, எத்தனை கிராமில் பிய்கிறது என்று பார்ப்போம். மாத்திரை விடாமல் பிடித்திருக்கும்போது லேபே தராசைச் சுற்றி நிற்கும்.

சிக்கல் அப்புறம்தான். கன்னச் சவ்வு அரை மில்லிமீட்டருக்கும் மேல் தடிமன், 40–50 செல் அடுக்குகள். தண்ணீரில் எளிதாகக் கரையும் மருந்து அதற்குள் மெதுவாகத்தான் நுழையும். சுமாட்ரிப்டான் டோஸோ 50, 100 மில்லிகிராம், அவ்வளவும் நுழைவது கஷ்டம். பித்த உப்பு சேர்த்தால் ஊடுருவல் கூடும், எரிச்சலும் கூடலாம். அதே வகையில் 2.5 மில்லிகிராமே போதுமான சோல்மிட்ரிப்டான்தான் இதற்குத் தோதானது என்பது என் கருத்து. பல ஆய்வுக் கட்டுரைகளில் 90 சதவீதத்துக்கு மேல் மருந்து வெளியானது என்று படிப்பீர்கள். அது பீக்கரில் வெளியான அளவு. ரத்தத்தில் எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் சேர்ந்தது என்பதை மனிதர்களிடம் அளந்து காட்டும்வரை நோயாளிக்கு அதனால் பயனில்லை.

மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைக்கும் 3 மில்லிகிராம் புரோகுளோர்பெரசின் மாத்திரை பிரிட்டனில் இருக்கிறது. ஆனால் அது மைக்ரேனில் வரும் குமட்டலுக்கும் வாந்திக்கும்தான். நாக்கில் கரையும் ரிசாட்ரிப்டான் என்ற இன்னொரு டிரிப்டான் மாத்திரையையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது எச்சிலோடு இறங்கிக் குடலில்தான் உறிஞ்சப்படுகிறது, சாதாரண மாத்திரையைவிடக் கொஞ்சம் தாமதமாகவே.

வாந்தி இவ்வளவு படுத்துகிறது என்றால் மூக்கு ஸ்பிரே, ஊசி இரண்டையும் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். இதயக் கோளாறோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிரிப்டான் வகை மருந்துகள் எந்த வடிவிலும் அப்படிப்பட்டவர்களுக்கு ஆகாது.