‘தேவனுடைய கிரியைகளைச் செய்வது’ என்றால் என்ன?

கடவுளின் விருப்பம் மனிதரின் கைகள் வழியே நடப்பதையே கிறிஸ்தவர்கள் தேவனுடைய கிரியை என்கிறார்கள். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் கேட்டபோது, தேவன் அனுப்பியவரை விசுவாசிப்பதே அந்தக் கிரியை என்று இயேசு பதிலளித்தார் (யோவான் 6:29). ஆகவே விசுவாசம் முதலில். செயல் அதிலிருந்து பிறக்கிறது.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் கிணற்று நீர் வாய்க்கால் வழியாக வெங்காயப் பாத்திக்குப் போவதைப் பாருங்கள். நீர் கிணற்றினுடையது; ஆனால் வாய்க்கால் அடைபட்டால் பயிர் வாடிவிடும். நோயாளியின் அருகில் இரவெல்லாம் விழித்திருப்பதும், கடையில் நிறை குறையாமல் நிறுப்பதும் அப்படிப்பட்ட வாய்க்கால்களே. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அது பிரசங்கத்துக்கு எந்த வகையிலும் குறைந்த ஊழியம் அல்ல என்பேன்.

நற்செயல்களால் இரட்சிப்பை, அதாவது பாவத்திலிருந்து மீட்பை, சம்பாதிக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் வேதாகமத்தின் எபேசியர் 2:8-10இன்படி இரட்சிப்பு கிருபையின் ஈவு, நாம் சம்பாதிக்காமலே கடவுள் தருவது; நற்செயல்கள் அதன் பின் வருபவை.