ரப்பர்த் தோட்டத்துச் சின்னப் பாம்பு: கேள்வி பதில்

(குலசேகரம் வட்டாரத்தில் பல வருஷமாக வீடுகளுக்குள் வரும் பாம்புகளை மீட்டு வனத்துறையிடம் ஒப்படைப்பவர் பதில் சொல்கிறார்.)

அருமனை, பால்வெட்டுத் தொழிலாளி: அண்ணே, வெளுக்கதுக்கு முன்ன தலையில லைட்ட மாட்டிக்கிட்டு வெட்டப் போறோம். சருகுக்குள்ள முழம் நீளத்துல பழுப்பா ஒரு பாம்பு கிடக்கும். சுருட்டைன்னு சொல்லுவாவ. எனக்க மச்சானக் கடிச்சிச்சு, வீங்கி வடிஞ்சிட்டு. அவ்வளவுதானா?

பதில்: அவ்வளவுதான் என்று விட்டுவிடாதீர்கள் தம்பி. அது பெரும்பாலும் சுருட்டை விரியன் இல்லை. சுருட்டை வறண்ட, கல்லும் முள்ளுமான நிலத்துப் பாம்பு. ஆரல்வாய்மொழிப் பக்கத்து மண்தான் அதற்கு ஒத்துவரும். உங்கள் தோட்டத்து ஈரச் சருகில் கிடப்பது கூம்பு மூக்குக் குழிவிரியன். மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். தலை முக்கோணம். கண்ணுக்கும் நாசிக்கும் நடுவே ஒரு குழி.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். மருந்தே அதில்தான் இருக்கிறது. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு மட்டும் செய்தது. மாமல்லபுரம் அருகே இருளர்கள் 1978-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுப்பதும் இந்த நான்கின் விஷம்தான். குழிவிரியன் கடிக்கு அந்த மருந்து வேலை செய்யாது. சுருட்டை என்று தவறாகச் சொன்னால் குப்பி குப்பியாக ஏற்றுவார்கள். பலன் இருக்காது, ஒவ்வாமை வரும் ஆபத்துதான் மிச்சம்.

இந்தப் பாம்பு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை 2007-ல்தான் கேரள மருத்துவர்கள் ஆதாரத்தோடு எழுதினார்கள். ரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும். எனக்குத் தெரிந்த ஒரு வெட்டுக்காரர் வீக்கம் வடிந்ததும் வீடு திரும்பி, மூன்றாம் நாள் மூத்திரம் போகாமல் மறுபடி ஓடினார். டயாலிசிஸ் செய்துதான் பிழைத்தார். மச்சானை இன்றே ரத்தம், மூத்திரம் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். இனி யாரைக் கடித்தாலும், "ரப்பர்த் தோட்டத்தில், சருகில்" என்று மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். தூர நின்று ஒரு போட்டோ எடுத்தால் போதும்; அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டாம், செத்த தலையும் கடிக்கும். முட்டளவு பூட்ஸ் போடுங்கள். பால் பிடிக்கும் சிரட்டையை எடுக்குமுன் அடிமரத்தில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

தோவாளை, பூ விவசாயி: கடிவாய்க்கு மேல கயிறு கட்டணுமா? கீறி ரத்தத்த எடுக்கலாமா?

பதில்: இரண்டும் கூடாது. வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள், கடிபட்ட கை காலைப் பலகைத் துண்டு வைத்து அசையாமல் கட்டுங்கள், நடக்க விடாமல் 108-ல் ஏற்றுங்கள். பச்சிலைக்கு ஒரு நிமிடம்கூடக் கொடுக்காதீர்கள்.

தக்கலை, இல்லத்தரசி: போன மழைக்காலம் பக்கத்து வீட்டம்மா தரையில படுத்தவங்க விடியக்காலம் வயிறு வலிக்குன்னு எழும்பினாங்க. கண் இமை தானா மூடுது. பல்தடம் ஒண்ணும் காணல. பாம்புன்னு டாக்டர் சொல்லுதாரு, நம்ப முடியல.

பதில்: மருத்துவர் சொன்னது சரி அக்கா. கட்டு விரியனின் வழி அதுதான். ராத்திரி தூங்குகிறவரைக் கடிக்கும், வலிக்காது, தடமும் தெரியாது. வயிற்று வலி, இமை சொருகல், பேச்சுக் குழறல் என்று போய் மூச்சு நின்றுவிடும். சரியான நேரத்தில் மூச்சுக் கருவி வைத்தால் பிழைப்பார்கள். கட்டிலில் படுங்கள்; முடியாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கோல் வரையன் என்ற விஷமில்லாப் பாம்பும் பார்க்க இதே மாதிரி இருக்கும். அதற்கு வளையங்கள் கழுத்தருகே தெளிந்து வால் பக்கம் மங்கும். கட்டு விரியனுக்கு நேர்மாறு. இருட்டில் இதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பேச்சிப்பாறை, கல்லூரி மாணவி: மரப்பொந்துல உள்ளங்கை அகலத்துக்கு எட்டுக்கால் பூச்சி. கடிச்சா சாவாங்களா?

பதில்: சாக மாட்டார்கள் மகளே. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரச்சிலந்தி அது. கடித்தால் கடும் வலி, நாள்கணக்கில் தசைப்பிடிப்பு. அதற்கென்று தனி முறிமருந்து நம் நாட்டில் இல்லை. வலிக்கும் பிடிப்புக்கும் மருத்துவம் பார்த்தால் குணமாகும். பொந்தில் கையை விடாமல் இருந்தால் அது உங்களைத் தேடி வராது. வீட்டுச் சுவரில் தட்டையான முட்டைப்பையைச் சுமந்து ஓடும் பெரிய சிலந்தி கரப்பான் தின்கிறது, அதை அடிக்காதீர்கள்.