கராஜ் ஃப்ரிட்ஜில் இடியாப்பம்

வீட்டில் பியர் காய்ச்சும் வாசகர்களின் கேள்விகளுக்கு, அமெரிக்காவின் போர்ட்லண்டிலிருந்து பதில்கள்

கேள்வி: அண்ணா, கராஜில் கிடந்த பழைய ஃப்ரிட்ஜில் தட்டுகளைக் கழற்றிவிட்டு மூன்று கார்னி கெக் (பியர் நிரப்பும் ஐந்து கேலன் எஃகு உருளை) வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் 10 அடி பியர் ஹோஸ், முனையில் பிக்னிக் டேப் என்ற சின்னக் குழாய். கதவைத் திறந்தாலே இடியாப்பம் பிழிந்து கொட்டியதுபோல் எல்லாம் காலில் சரிகிறது. எது ஸ்டவுட், எது கோதுமை பியர் என்று இழுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. பேசாமல் எல்லாவற்றையும் 3 அடியாக வெட்டிவிடலாமா? (ஹூஸ்டன் வாசகி)

பதில்: முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள், தங்கச்சி. தொடங்கிய புதிதில் நானும் இதே புத்திசாலித்தனத்தைச் செய்தேன். கிளாஸில் முக்கால்வாசி நுரை, அடியில் இரண்டு விரல் பியர். நண்பர்கள் ஸ்பூன் கேட்டார்கள்.

அந்த நீளம் சும்மா இல்லை. 38 டிகிரி ஃபாரன்ஹீட்டில், 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருக்கும் பியர் ஒரேயடியாக வெளிக்காற்றுக்கு வந்தால் அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு பொங்கிவிடும். 3/16 அங்குல ஹோஸில் 10 அடி உராய்ந்து வரும்போது அழுத்தம் வழியிலேயே தேய்ந்து, டேப்பில் சாதுவாக இறங்குகிறது. அழுத்தத்தைக் குறைத்துவைத்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். சில நாளில் பியர் சவசவத்துப் போகும்.

எனவே வெட்டாமல் சுருட்டுங்கள். கார்னி கெக்கின் தலை ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் அகலம். 20 சென்டிமீட்டர் வட்டமாகச் சுற்றினால் 10 அடி ஹோஸ் ஐந்து சுற்றுக்குள் அடங்கிவிடும். அதைக் கெக்கின் தலைமேல், சும்மாடு வைத்தமாதிரி படுக்கையாக வையுங்கள். ஆணியில் மாலைபோல் தொங்கவிட்டால் ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் வாயு தங்கி, ஊற்றும்போது துப்பும். சுருளை வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். ஒயர் கட்டும் பிளாஸ்டிக் ஜிப் டை போட்டு இறுக்கினால் ஹோஸ் நசுங்கும், அந்த இடத்திலேயே நுரை பிறக்கும். நுரைக்குக் காரணம் தேடி நான் ரெகுலேட்டரைக்கூட மாற்றினேன். கடைசியில் குற்றவாளி பத்து சென்ட் ஜிப் டை.

அப்புறம் டேப். இதில்தான் உங்களுக்குப் பெரிய ஆபத்து இருக்கிறது. பிக்னிக் டேப் கட்டைவிரலால் அமுக்கும் சமாச்சாரம். அமுக்குவது விரலா, ஃப்ரிட்ஜ் கதவா என்று அதற்குத் தெரியாது. ஒரு ராத்திரி கதவை முட்டிச் சாத்திவிட்டுப் படுத்தேன். காலையில் கராஜ் முழுக்கக் கோதுமை பியர், கெக்கில் காற்று. காந்தக் கொக்கி வாங்கி மாட்டலாம் என்று கடைக்குப் போகாதீர்கள். ஃப்ரிட்ஜின் உள்சுவர் பிளாஸ்டிக். கெக் 304 ஸ்டெயின்லெஸ். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. நான் செய்வது இதுதான்: உயரமான பிளாஸ்டிக் டம்ளரின் விளிம்பில் இரண்டு ஓட்டை போட்டு, கெக்கின் கைப்பிடியில் கட்டி, டேப்பை அதற்குள் மூக்கு கீழாக இறக்கிவிடுவேன். அமுக்கும் பக்கம் பின்சுவரைப் பார்த்திருக்க வேண்டும். சொட்டும் பியரும் டம்ளரிலேயே விழும். அதைத் தினம் கழுவாவிட்டால் பழ ஈ வந்து குடியேறும்.

அடையாளத்துக்கு, ஒயரில் சுற்றும் கலர் ஒட்டுப்பட்டை போதும். டிஸ்கனெக்ட் (ஹோஸைக் கெக்கில் மாட்டும் முனை) பக்கம் ஒரு சுற்று, பிக்னிக் டேப் பக்கம் ஒரு சுற்று. ஒரு முனையில் மட்டும் ஒட்டினால் மறுபடி இழுத்துத்தான் பார்க்க வேண்டும். கெக்குக்குள் கார்பன் டை ஆக்சைடு கொண்டுபோகும், சாம்பல் நிற டிஸ்கனெக்ட் போட்ட கேஸ் ஹோஸுக்கு இந்த நீளக் கணக்கு கிடையாது. கெக்கை வெளியே தூக்கும் அளவுக்குத் தளர்வு விட்டு மிச்சத்தை நறுக்கிவிடலாம். வெட்டியே தீர வேண்டும் என்று கை அரித்தால் அதை வெட்டுங்கள்.

ஒரே குறை, குளிர் கீழே தங்கும். சுருள் மேலே கிடக்கும். அதனால் அன்றைய முதல் கிளாஸ் நுரைக்கும். பழைய கம்ப்யூட்டரின் குட்டி ஃபேன் ஒன்றை அடியில் மேல்நோக்கி ஓடவிட்டால் சரியாகிவிடும்.

கேள்வி: கோடை முழுக்க ஒரு கெக் மட்டும்தான் ஓடும். மற்ற ஹோஸ்களைச் சுருட்டி ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிடலாமா? (டென்வர் வாசகர்)

பதில்: பியரோடு விடாதீர்கள், ஊறுகாயாகிவிடும். லைன் கிளீனர் (ஹோஸ் கழுவும் மருந்து) ஓட்டி, தண்ணீரில் அலசி, கார்பன் டை ஆக்சைடு விட்டு ஊதித் தள்ளுங்கள். பிறகு துணி உலர்த்தும் கம்பியில், இரண்டு முனையும் தரையைப் பார்க்கும்படி மடித்துப் போடுங்கள். உள்ளே ஒரு சொட்டுகூட இல்லாமல் காய்ந்த பிறகே சுருட்டிப் பையில் போடலாம். இஞ்சி பியர் ஓடிய வினைல் ஹோஸைத் தனியாக வைத்திருங்கள். அந்த வாசனை எதற்கும் போகாது. என்னிடம் ஒன்று இருக்கிறது, அதில் எது ஊற்றினாலும் சுக்குக் கஷாயம்தான்.

கேள்வி: ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். கெக்கைப் பார்த்ததிலிருந்து "போலீஸ் வருமா?" என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார். என்ன சொல்வது? (நியூ ஜெர்சி வாசகர்)

பதில்: 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்தைச் சொல்லுங்கள். பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம், விற்கக் கூடாது. நாற்பது கார்னி கெக் அது! மாநிலங்கள் எல்லாம் உடனே ஒத்துக்கொள்ளவில்லை; அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் வழிவிட்டன. அப்பாவின் பயமும் நியாயம்தான். தமிழ்நாட்டில் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் ஒரு செம்பு காய்ச்சினாலும் குற்றம். இங்கே அவருக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுங்கள். அன்றைய முதல் கிளாஸை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.