டி.சி. கேட்டு நீங்களே எழுதித் தர வேண்டுமா?

கேள்வி: நாங்கள் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். மகன் தனியார் பள்ளியில் 9-ஆம் வகுப்பு, மகள் அதே பள்ளியில் 7-ஆம் வகுப்பு. பள்ளி விட்டதும் பஸ் நிலையத்தில் நடந்த சண்டையில் மகன் அடித்து ஒரு பையனுக்குப் பல் உடைந்துவிட்டது. மறுநாள் பி.டி. சார் இவனைப் பிரம்பால் அடித்திருக்கிறார். இப்போது, "இரண்டு பேருக்கும் டி.சி. வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் டி.சி.யில் நடத்தை சரியில்லை என்று போட்டுவிடுவோம்" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். "சொந்தக் காரணங்களால் வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், பள்ளி யாரையும் நீக்கவில்லை, நீங்களாகவே அழைத்துப் போனீர்கள் என்று ஆகிவிடும். பிறகு எந்த அதிகாரியிடம் போனாலும் பள்ளித் தரப்பு அந்தக் காகிதத்தைத்தான் எடுத்து நீட்டும். பல பள்ளிகள் நீக்க உத்தரவு போடாமல் பெற்றோரிடம் கடிதம் கேட்பதே இதற்காகத்தான்.

மகள் விஷயம் சுலபம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி, 8-ஆம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. 2019 திருத்தம் பெயிலாக்கத்தான் வழி விட்டது. நீக்கத் தடையைத் தொடவில்லை. ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள்: சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அண்ணன் அடித்ததற்குத் தங்கையை அனுப்புவதை எந்தப் பள்ளியும் நியாயப்படுத்த முடியாது. எழுத்தில் காரணம் கேட்டாலே பேச்சு அடங்கிவிடும்.

மகனுக்கு அந்தக் கவசம் இல்லை. 9-ஆம் வகுப்பு மாணவனைப் பள்ளி நீக்கலாம். ஆனால் என்ன குற்றச்சாட்டு என்று எழுதித் தந்து, அவன் தரப்பைக் கேட்டு, முடிவையும் எழுத்தில் தர வேண்டும். முதல் தவறு என்றால் எச்சரிக்கை, சில நாள் சஸ்பெண்ட் என்ற படிகளைத் தாண்டி ஏன் நேரே நீக்கம் என்று கேளுங்கள். "சண்டை பள்ளிக்கு வெளியேதானே நடந்தது" என்று மட்டும் வாதாடாதீர்கள். யூனிஃபார்மோடு அடித்துக்கொண்டால் பள்ளி தலையிடத்தான் செய்யும்.

டி.சி.யில் 'ஒழுக்கமும் பண்பும்' என்று ஒரு இடம் உண்டு. விசாரணையே நடத்தாமல் எதை வைத்து அதில் எழுதுவார்கள்? பள்ளிக்கு நீங்கள் எழுதும் மனுவிலேயே இதையும் கேளுங்கள்.

பிரம்படி தனி விஷயம். 14 வயது வரை கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அதற்கு மேல் 18 வயதுவரை 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. காயத்தைப் படம் எடுங்கள், அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்குங்கள். புகார் சொல்ல 1098. ஆனால் "நீங்கள் டி.சி. பேச்சை விடுங்கள், நாங்கள் பிரம்படிப் புகாரை விடுகிறோம்" என்று பேரம் பேசாதீர்கள். அது மகனுக்கும் நல்லதல்ல, அடுத்து அடி வாங்கப்போகும் பிள்ளைக்கும் நல்லதல்ல.

சட்டம் பேசுவதற்கு முன்னால், பல் உடைந்த பையன் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு. வைத்தியச் செலவை ஏற்பதாகச் சொல்லுங்கள். அந்தக் குடும்பம் இறங்கி வந்தால் ஹெச்.எம்.மும் பெரும்பாலும் இறங்கி வருவார். மன்னிப்புக் கடிதம் கேட்டால் மகனே எழுதட்டும். "இனி தவறு செய்தால் நானே டி.சி. வாங்கிக்கொள்கிறேன்" என்ற வரியைச் சேர்க்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள்.

பள்ளி மசியவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தனியார் பள்ளிகள்), அப்புறம் முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில்தானே என்று பாண்டிச்சேரிக்கு மாற்றும் யோசனை இருந்தால் அவசரப்படாதீர்கள். அங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. சி.பி.எஸ்.இ.யில் 9-ஆம் வகுப்பிலேயே வாரியத்தில் பெயர் பதிவாகிவிடும். நடுவில் நுழைவது சிரமம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே வேறு பள்ளி பாருங்கள், அதுவும் ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு.