கணக்குப் பாடத்தை விடவேண்டாம், ஆற்றில் இறங்கட்டும்

அன்புள்ள சகோதரிக்கு,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், "ஆறு, பறவை, பூச்சியைப் பற்றி மக்களையும் சேர்த்துக்கொண்டு ஆராய்ச்சி செய்வேன், அதை எல்லாருக்கும் புரியும்படி சொல்வேன்" என்கிறாள். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறீர்கள். வேலைதான் அம்மா. அந்தப் பெயரில் விளம்பரம் அதிகம் வராததால் பெற்றோர் கண்ணில் படுவதில்லை.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக்கு அவள் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம் இது. கணக்கில் தடுமாறுகிறாள் என்பதால் மேத்தமேட்டிகல் லிட்டரசி என்ற, அன்றாடக் கணக்கு மட்டும் கற்பிக்கும் எளிய பாடத்தை எடுக்கச் சொல்கிறார்களாமே. சம்மதிக்காதீர்கள். அதை எடுத்தால் பி.எஸ்ஸி. வாசல்கள் பெரும்பாலும் மூடிவிடும். பிறகு வேண்டுமானால் கணக்கிலிருந்து லிட்டரசிக்கு இறங்கிக்கொள்ளலாம், ஆனால் அங்கிருந்து திரும்பி ஏறுவது மிகக் கடினம். மேத்தமேட்டிக்ஸ், லைஃப் சயின்சஸ், ஃபிசிக்கல் சயின்சஸ் மூன்றும் இருக்கட்டும். டியூஷனுக்குச் செலவழிக்கப் பணம் இருந்தால் அது கணக்குக்கே போகட்டும்.

சரி, இந்த வேலை எப்படி இருக்கும்? நம் நாட்டில் மினிசாஸ் என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு படத்தாள் போதும். ஆற்றில் இறங்கிக் கல்லைப் புரட்டி, வலையில் விழும் பூச்சிகளைத் தட்டில் கொட்டி வகை பிரிப்பார்கள். மொத்தம் 13 வகை. அழுக்கைத் தாங்காத ஸ்டோன்ஃபிளை என்ற பூச்சிக்கு 17 புள்ளி, தட்டான் குஞ்சுக்கு 6, எந்தச் சாக்கடையிலும் பிழைக்கும் அட்டைக்கும் புழுவுக்கும் 2. கிடைத்த வகைகளின் புள்ளிகளைக் கூட்டி, வகைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆற்றின் உடல்நிலை தெரிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு முறை நானும் இறங்கியிருக்கிறேன். தட்டில் புழுவும் அட்டையும் மட்டும் நெளிந்ததைப் பார்த்து ஒரு சிறுவன், "இந்தத் தண்ணியிலதான் எங்க ஆயா துணி துவைச்சாங்களா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவனை அடுத்த கேள்விக்குக் கூட்டிப்போகத் தெரிந்த ஆள்தான் இந்தத் துறைக்குத் தேவை.

பொதுமக்கள் சேகரித்தால் அது அறிவியலாகுமா என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். தென்னாப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2007இல் தொடங்கியது. நாட்டைச் சுமார் 9 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முழுப் பட்டியல் தர ஒரு கட்டத்தில் குறைந்தது இரண்டு மணி நேரமாவது பார்த்திருக்க வேண்டும். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் சாதாரணத் தன்னார்வலர்கள். இனங்கள் எங்கே அருகின, எங்கே பரவின என்று விஞ்ஞானிகள் அந்தப் பட்டியல்களை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

உங்கள் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. சில்வர்கிளென் காப்பகத்தில் மாநகராட்சியின் மூலிகை நாற்றங்கால் இருக்கிறது. பட்டை உரித்தும் கிழங்கு தோண்டியும் காட்டு மூலிகைகள் அருகிவந்தபோது, ஜூலு வைத்தியர்களைக் குற்றவாளிகளாக நடத்தாமல் செடி வளர்க்கக் கற்றுக்கொடுத்த இடம் அது. அவர்களிடம் தாவர அறிவியலை அவர்கள் மொழியில் பேச ஆள் வேண்டியிருந்தது. ஆகவே உங்கள் மகள் ஜூலு நன்றாகப் பேசக் கற்கட்டும். நம் பிள்ளைகள் பலர் இதை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிப்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

2021 ஜூலையில் டர்பனின் வடபகுதியான கார்னூபியாவில் வேளாண் ரசாயனக் கிடங்கு எரிந்து, நஞ்சு ஓஹ்லாங்கா முகத்துவாரத்தில் இறங்கியது. மீன்கள் செத்து ஒதுங்கின, கடற்கரைகளை மூடினார்கள். மீன் சாப்பிடலாமா, குழந்தைக்கு இந்த நாற்றம் ஆகுமா என்றுதான் மக்கள் கேட்டார்கள். ஆய்வுக்கூட அறிக்கையைப் படித்து அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல, வேதியியலும் தெரிய வேண்டும், பேசவும் தெரிய வேண்டும். அதனால்தான் நேராக இதழியல் படிக்கச் சொல்வதைவிட முதலில் அறிவியல் பட்டம் என்கிறேன்.

குவாசூலு நடால் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு பி.எஸ்ஸி., அப்புறம் ஓராண்டு ஹானர்ஸ் என்ற மேற்படிப்பு. ஹானர்ஸை விட்டுவிடாதீர்கள். தொழில்முறை இயற்கை அறிவியலாளராகப் பதிவு செய்ய அதுவும் பணி அனுபவமும் வேண்டும். மதிப்பெண் எட்டாவிட்டால் உம்லாசியில் உள்ள மங்கோசுத்து பல்கலைக்கழகத்தில் இயற்கைப் பாதுகாப்பு டிப்ளமா இருக்கிறது, அதுவும் மதிப்பான வழிதான். எழுத்தும் பேச்சும் பிறகு வரட்டும். ஸ்டெல்லன்போஷில் அறிவியல் தொடர்பியலுக்கென்றே ஆய்வு இருக்கை உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் முதல் பட்டத்துக்கு என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பியுங்கள்.

வேலை மாநகராட்சியின் பல்லுயிர்ப் பிரிவிலும், அருங்காட்சியகங்களிலும், நதிப் பாதுகாப்பு அறக்கட்டளைகளிலும், சான்பி என்ற தேசியப் பல்லுயிர் நிறுவனம் போன்ற இடங்களிலும் இருக்கிறது. மறைக்க மாட்டேன்: முதல் சில ஆண்டுகள் ஒப்பந்த வேலையாகத்தான் இருக்கும், மருத்துவரின் சம்பளம் வராது. அதற்கு மனதையும் வீட்டுக் கணக்கையும் இப்போதே தயார்செய்யுங்கள்.

இந்தச் சனிக்கிழமை அவளைச் சில்வர்கிளெனுக்கு அழைத்துப் போங்கள். உயிரினங்களைப் படமெடுத்துப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பத்துச் செடிகளைப் பதியட்டும். மாலையில் அவற்றில் ஒன்றைப் பற்றி ஆயாவுக்குத் தமிழிலும், பக்கத்து வீட்டாருக்கு ஜூலுவிலும் சொல்லட்டும். எந்த இடத்தில் திக்கினாள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.